பண்பிலார் பெயர்கள்: ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லாராய்ச்சி

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு இலக்கண நூல்கள் வணக்கம் கூறும் முறையையும் நன்றி கூறும் முறையையும் முதற்பாடத்திலேயே போதிக்கின்றன. வசைமொழியைப் போதிக்கும் நூல் அரிது. ஆயினும் அம்மொழி வழங்கும் கடைவீதியில் ஒரு நாழிகை நின்றால் நன்றிமொழிக்குக் குறையாமல் வசைமொழியும் செவியில் விழும். "கல்லூரி மலரில் வசைக்கு இடம் ஏது?" என்று முகஞ்சுளிக்கும் அன்பர்க்கு நாம் கூறும் விடை ஒன்றே. ஒரு சமூகத்தார் எதனை உயர்வெனக் கொண்டனர் என்பதை அவர்தம் புகழுரை சில வேளை மறைத்துவிடும். எதனை இழிவெனக் கொண்டனர் என்பதை அவர்தம் வசையுரை ஒருபோதும் மறைப்பதில்லை. ஸ்பானிய மொழி ஸ்பெயின் தேசத்தில் பிறந்து, கடல்கடந்து, மெக்ஸிகோ முதல் சிலி வரை பரவி, இன்று ஏறக்குறைய 20 நாடுகளில் அரசாங்க மொழியாக விளங்குகின்றது. இத்துணைப் பரந்த மொழியில் மரியாதையற்றவனைக் குறிக்கும் சொற்கள் எண்ணிறந்தன. அவற்றுள் அச்சேறத் தகாதவற்றை விலக்கி, ஆராயத் தக்க சிலவற்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

மிகச் சாதாரணமாக வழங்கும் சொல் 'மாலெதுகாதோ' என்பது. 'மால்' என்றால் குறைவாக, தீயவாறு. 'எதுகாதோ' என்றால் கற்பிக்கப்பட்டவன். கல்வியில் குறைந்தவன் என்பது பொருள் போலத் தோன்றும். அங்ஙனம் கொள்வது பிழை. அம்மொழியில் 'எதுகசியோன்' என்னும் சொல் பள்ளிப் படிப்பை மட்டும் குறிப்பதன்று; வீட்டிலே பெற்ற ஒழுங்கையும், பிறரோடு பழகும் நயத்தையும் சேர்த்துக் குறிப்பது. "அவனுக்கு எதுகசியோன் இல்லை" என்று ஒரு மூதாட்டி கூறின், அவன் பரீட்சையில் தேறாதவன் என்பதன்று கருத்து. வந்தவர்க்கு இருக்கை கொடாதவன், பிறர் பேச்சின் நடுவே புகுந்து பேசுபவன் என்பதே கருத்து. ஆகவே கையெழுத்திடத் தெரியாத குடியானவன் நன்கு 'எதுகாதோ' ஆதலும், இரண்டு பட்டம் பெற்ற வக்கீல் 'மாலெதுகாதோ' ஆதலும் அம்மொழியில் முரண்பாடு ஆகா. பட்டம் வழங்கும் கூடங்களில் பயில்வோர் இச்சொல்லை ஒருமுறைக்கு இருமுறை சொல்லிப்பார்ப்பது நன்று.

இதற்கு இனமான சொல் 'மால்கிரியாதோ'. 'கிரியார்' என்பது வளர்த்தல். ஆகவே வளர்ப்புச் சரியில்லாதவன் என்பது பொருள். பெரும்பாலும் சிறுவர்மேல் வீசப்படும் சொல் இது. நம் நாட்டிலும் "வளர்த்த வளர்ப்பு அப்படி" என்று பிள்ளையைச் சாக்காக வைத்துத் தாயைக் குத்துவார் உளரன்றோ? வசை எய்வது பிள்ளையை, தைப்பது பெற்றோரை. 'மால்' என்பதை நீக்கி 'கிரியாதோ' என்று மட்டும் சொல்லின் வேலையாள் என்று பொருளாம். முற்காலத்தில் பெரியோர் வீட்டில் உண்டு வளர்ந்து ஊழியம் செய்தவர்க்கு அப்பெயர் வந்தது.

இனி, நாணத்தைப் பற்றிய சொற்களைக் காண்போம். இத்துறையில் ஸ்பானிய மொழி மிக்க வளமுடையது. 'சின்வெர்குவென்சா' என்பது 'நாணம் இன்றி' என்னும் இரு சொற்களைச் சேர்த்து ஒன்றாக்கிய பெயர். நாம் 'நாணிலி' என்றும், பேச்சு வழக்கில் 'வெட்கங்கெட்டவன்' என்றும் கூறுவதற்கு இது நேர். 'வெர்குவென்சா' என்பது லத்தீன் மொழியில் அடக்கத்தைக் குறித்த 'வெரெகுந்தியா' என்பதன் திரிபு. 'பிறனுக்குரிய நாணம்' எனப் பொருள்படும் ஒரு தொடரும் அம்மொழியில் உண்டு. ஒருவன் சபையிலே இழிவாக நடக்கும்போது அவன் நாணாதிருக்க, பார்த்திருக்கும் நமக்கு உடல் கூசுகிறதே, அவ்வுணர்ச்சிக்கு அது பெயர். ஒரே சொல்லால் இதனைக் குறிக்க இயலாத மொழிகள் பல. திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்தில் தம் பழிக்கு நாணுவதோடு பிறர் பழிக்கும் நாணுவோரை வள்ளுவர் சிறப்பித்திருத்தல் இங்கு நினைவுக்கு வருகின்றது.

நாணம் குடியிருக்கும் இடம் முகம். ஆதலின் நாணம் அற்றவனுக்கு முகம் இல்லை என்று ஸ்பானியர் கருதினர். 'காரா' என்பது முகம். 'தெஸ்கராதோ' என்பது முகம் நீங்கியவன். ஆயின் அவர்களே, அதே மனிதனை, 'காராதூரா' என்றும் அழைப்பர். வன்முகத்தான் என்பது அதன் பொருள். சிவக்கவேண்டிய இடத்தில் சிவவாது கல்லாய்ப்போன முகம் என்க. இன்னும் ஒருபடி மேற்சென்று, "அவனுக்கு முதுகைவிட முகம் பெரிது" என்று சொல்வதும் வழக்கு. ஒரே குற்றத்திற்கு முகம் இல்லை என்பதும், முகம் வலிது என்பதும், முகம் பெரிது என்பதும் ஆகிய மூன்றும் பொருந்துவது வியப்பே. தர்க்க சாஸ்திரி இதனை ஒப்பமாட்டார். கடைவீதியார் ஒருவரும் மயங்குவதில்லை. நாம் இவ்விடத்தில் முகத்தை விட்டுத் தோலைப் பற்றுகிறோம். 'தோல் தடித்தவன்' என்பது நம் வசை. உறைக்கவேண்டியது உறைக்கவில்லை என்பது இரண்டிற்கும் பொது.

நாவைப் பற்றியும் இத்தகைய விசித்திரம் உண்டு. வாயடக்கம் இல்லாதவனைத் 'தெஸ்லெங்குவாதோ' என்பர். 'லெங்குவா' என்பது நாக்கு. எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொள்ளின் நாக்கு அற்றவன் என்றாகும். வழக்கிலோ நாக்கு மிகுந்தவன் என்பதே கருத்து. 'தெஸ்பொகாதோ' என்பது இன்னும் அழகியது. 'போகா' என்பது வாய். கடிவாளத்திற்கு வாய் கொடாமல் தறிகெட்டு ஓடும் குதிரைக்கு அச்சொல் உரியது. அதனையே, கூசாமல் ஆபாசம் பேசுவோனுக்கும் ஏற்றினர். குதிரையேறிப் பழகிய ஜனங்களின் உவமை என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் ஒளிவு மறைவின்றி உண்மை பேசுவோனை அவர்கள் இவ்வகையிற் சேர்ப்பதில்லை. "அவன் நாவில் மயிர் இல்லை" என்று அவனைச் சிறிது மெச்சியே கூறுவர்.

கடுகடுப்பானவனுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் காடும் மேடும் தேடிப் பொறுக்கியவை. 'கார்தோ' என்பது முட்பூண்டு; 'எரீஸோ' என்பது முள்ளெலி; 'அல்கொர்னோக்கே' என்பது, புட்டிகளை அடைக்கும் தக்கையைத் தரும் தடித்த பட்டையுடைய மரம். அணுகினால் குத்துபவன் முதலிரண்டிற்கும், எதுவும் உள்ளே செல்லாத மூடன் மூன்றாவதற்கும் உரியவன். 'செர்ரில்' என்பது பழக்கப்படாத மலைக்குதிரை. தொட்டதற்கெல்லாம் சினப்பவனிடம் 'கெட்ட தெள்ளுப்பூச்சிகள்' உள்ளனவாம். நாய் ஏன் சீறுகிறது என்பதற்கு அதன் உடலிற் கடிக்கும் பூச்சியைக் காரணம் காட்டும் பரிவு இதில் சிறிது கலந்திருக்கிறது. தென் ஸ்பெயினாகிய அந்தலூசியாவில் இனிமையற்றவனை 'மலாஹே' என்பர்; 'கெட்ட தேவதூதன்' என்னும் இரு சொற்கள் பேச்சிலே நசுங்கி ஒன்றானது அது.

'போர்தே' என்னும் சொல்லை இவ்விடத்தில் சிறிது நின்று நோக்கவேண்டும். இன்றைய ஸ்பெயினில் வெடுக்கென்று பேசுவோனை இளைஞர் இச்சொல்லால் குறிப்பர். இதன் பழம்பொருள்கள் இரண்டு. ஒட்டுப்போடாமல் தானே முளைத்த காட்டுமரம் என்பது ஒன்று. மணவுறவுக்குப் புறம்பே பிறந்த மகவு என்பது மற்றொன்று. லத்தீன் மொழியில் கோவேறு கழுதையைக் குறித்த 'புர்துஸ்' என்பதே இதன் மூலம் என்பர். மரத்தைக் குறித்தவரை குற்றமில்லை. மகவைக் குறித்தபோதோ, தன் பிறப்பிற்குத் தான் பொறுப்பாகாத ஒரு குழந்தையின் பெயர் வசையாயிற்று. இன்று அதனை வழங்கும் இளைஞருள் பலர் இவ்வரலாற்றை எண்ணுவதில்லை; சொல் மட்டும் அதனைச் சுமந்து செல்கிறது.

தடிப்பு, முரடு என்னும் பொருளினின்று பிறந்தவை 'குரொசேரோ', 'பாஸ்தோ' என்பவை. மெல்லிய துணிக்கும் முரட்டுத் துணிக்கும் உள்ள வேற்றுமையை மனிதர்மேல் ஏற்றியவை இவை. இரண்டாவது சொல் கடல்கடந்து போய் அடைந்த கதி கேட்கத்தக்கது. 1565 முதல் 1898 வரை ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன் தீவுகளில் அது 'பாஸ்தோஸ்' என்று தகாலோகு மொழியிற் புகுந்து, அநாகரிகமானவன், ஆபாசமாகப் பேசுபவன் என்னும் பொருளில் நிலைத்தது. வீதியிலும் தொழிலிடத்திலும் கல்விச்சாலையிலும் பெண்களை ஏளனம் செய்து தொல்லைப்படுத்துவோரைத் தண்டிக்க 2019-இல் அந்நாட்டார் ஒரு சட்டம் இயற்றினர். அதனை ஜனங்கள் 'பாஸ்தோஸ் கூடாதென்னும் சட்டம்' என்றே அழைக்கின்றனர். ஆண்டவர் நூற்றிருபது ஆண்டுகட்குமுன் கப்பலேறிவிட்டனர். அவர் விட்டுச்சென்ற வசைச்சொல் ஒரு நற்பணிக்கு உதவியது.

இதுகாறும் கண்டவற்றுள் பெரும்பான்மையன ஒருவன் செய்த செயலைச் சுட்டுவன. நாணவில்லை, நாவடக்கவில்லை, சீறினான் என்றே அவை குற்றஞ்சாட்டும். குற்றத்தை விட்டால் பெயரும் நீங்கும். ஆனால் ஸ்பானிய வசையகராதியில் மற்றொரு பெருங்கூட்டம் உண்டு. அக்கூட்டத்துச் சொற்கள் ஒருவன் என்ன செய்தான் என்று கேளா; எங்கே பிறந்தான், என்ன தொழில் செய்கிறான் என்றே கேட்கும். நமது ஆராய்ச்சியின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

'வில்யானோ' என்பதை எடுத்துக்கொள்வோம. லத்தீன் மொழியில் 'வில்லா' என்பது பண்ணைவீடு. அதிற் குடியிருந்தவன் 'வில்லானுஸ்'. ஸ்பெயினில் ஊர்ப்புறத்துச் சாதாரணக் குடிமகனுக்கு அதுவே பெயராயிற்று. அவனுக்கு எதிர்ப்பட நின்றவன் 'இதால்கோ'. 'ஏதோ ஒன்றின் மகன்' என்பது அதன் சொற்பொருள்; அதாவது, உடைமையும் குலமும் உடையவன். இதால்கோ அரசனுக்கு நேர்வரி செலுத்த வேண்டியதில்லை, வில்யானோவே செலுத்தினான். உழுதவனும் அவன், வரி கொடுத்தவனும் அவன். இறுதியில் அவன் பெயரே இழிந்தவன், கயவன், முரடன் என்னும் பொருளுக்கு ஆளாயிற்று. இதே லத்தீன் சொல் பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலும் நுழைந்து, நம் நாடக மேடைக்கும் திரைப்படக் கொட்டகைக்கும் வந்து 'வில்லன்' என நிற்கின்றது. திரையில் வில்லனைக் கண்டு பல்லைக் கடிக்கும் நம்மவர் ஒரு பழைய குடியானவன் பெயரையே கடிந்துகொள்கின்றனர்.

இச்சொல்லின் அநீதியை அந்நாட்டு நாடகாசிரியர் உணராமலில்லை. கால்தெரோன் (1600–1681) இயற்றிய 'ஸாலமேயா நகரத் தலைவன்' என்னும் நாடகம் இதற்குச் சான்று. பேத்ரோ கிரேஸ்போ என்பவன் செல்வமுள்ள குடியானவன், வில்யானோ. படைகள் அவ்வூரில் தங்கும்போது, உயர்குலத்துக் காப்டன் ஒருவன் அவன் வீட்டில் தங்கவைக்கப்படுகிறான். உண்ட வீட்டிற்கு இரண்டகமாக அவன் கிரேஸ்போவின் மகளைத் தூக்கிச் சென்று கெடுத்துவிடுகிறான். அதே வேளையில் ஊரார் கிரேஸ்போவைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கின்றனர். தண்டிக்கும் கோலைக் கையிற்பெற்ற அவன் அக்கோலை ஒருபுறம் வைத்துவிட்டு, காப்டன்முன் மண்டியிட்டு, "என் உடைமையெல்லாம் எடுத்துக்கொள், என் மகளை மணந்து அவள் மானத்தைக் காப்பாற்று" என்னும் கருத்துப்பட இரந்து வேண்டுகிறான். காப்டனோ, ஒரு குடியானவன் மகளை நான் மணப்பதா என்று எள்ளி நகைக்கிறான். அதன்பின் கிரேஸ்போ மீண்டும் கோலைக் கையிலெடுக்கிறான், காப்டன் கொல்லப்படுகிறான். அவ்வழி வந்த இரண்டாம் பிலிப்பு அரசன் அத்தீர்ப்பை ஒப்பி, கிரேஸ்போவை ஆயுள்முழுவதும் தலைவனாக்கிச் செல்கிறான். நாடகம் முழுவதிலும் பணிவும் உபசாரமும் தெரிந்தவன் வில்யானோ. கயமை புரிந்தவன் உயர்குலத்தான். எனினும் அகராதியில் கயமைக்குப் பெயராய் நிற்பது வில்யானோதான். நூற்றாண்டுகள் மூன்றரைக்கு மேல் நடித்தும் அந்நாடகம் சொல்லின் பொருளை மாற்றவில்லை.

பிற தொழிலாளர்க்கும் இதே கதிதான். 'கஞான்' என்பவன் பண்ணையாள். அவன் பெயர் முரடனுக்கு ஆயிற்று. 'வெர்துலேரா' கீரை விற்பவள். 'ராபனேரா' முள்ளங்கி விற்பவள். இரண்டும் நாணமற்றுக் கூச்சலிடும் பெண்ணுக்குப் பெயர். சந்தையிலே கூவாமல் சரக்கு எங்ஙனம் விலைபோகும் என்று அகராதி கருதிப்பார்க்கவில்லை. வண்டிக்காரன் போலச் சபிப்பதென்பது ஓர் உவமை. கலப்பையினும் முரடன் என்பது மற்றோர் உவமை. உழவைத் தலையாய தொழிலாகப் பாடிய மொழியைச் சேர்ந்த நமக்கு இப்பின்னுவமை உறுத்தும். ஆயினும் நாம் பெருமிதம் கொள்ள அதிக இடமில்லை. நகரத்தினின்று பிறந்ததே நாகரிகம் என்னும் நம் சொல். ஸ்பானியரும் நகரைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்று மரியாதைக்கு 'உர்பனிதாத்' என்று பெயரிட்டனர். அரசவையினின்று 'கொர்தேஸ்' என்றனர். 'பட்டிக்காட்டான்' என்று நாம் ஏசுவதும் அக்கணக்கிலே சேரும்.

இந்த நகர மரியாதையை நூலாக வகுத்தவருள் புகழ்பெற்றவர் வெனிஸுவேலா தேசத்து மானுவேல் அந்தோனியோ கார்ரேஞோ. அவர் 1853-இல் வெளியிட்ட மரியாதை நூல் உண்பது, உடுப்பது, விருந்தினரைச் சந்திப்பது, உறங்கச் செல்வது வரை விதி கூறும். ஸ்பானிய அமெரிக்கா முழுவதும் அந்நூல் வீடுதோறும் பயிலப்பட்டது. ஒருவன் தவறி நடந்தால் "கார்ரேஞோவைப் படி" என்று இடிப்பதும் உண்டு.

மெக்ஸிகோவில் வழங்கும் 'இகுவலாதோ' என்னும் சொல்லை நாம் இவ்வகையின் சிகரம் என்போம். 'சமமாக்கிக்கொண்டவன்' என்பது அதன் சொற்பொருள். மரியாதை கெட்டவனுக்கு அது பெயர். ஸ்பானிய மொழியில் முன்னிலைச் சொற்கள் இரண்டு: 'தூ' என்பது நம் 'நீ' போல்வது; 'உஸ்தெத்' என்பது 'தாங்கள்' போல்வது. பின்னது 'தங்கள் கிருபை' எனப் பொருள்படும் ஒரு பழந்தொடரின் சுருக்கம். வீட்டெசமானி பணிப்பெண்ணைத் 'தூ' என்று அழைப்பாள். அதனைக் குற்றமென்பார் இல்லை. பணிப்பெண் ஒருநாள் வாய்தவறி அவளைத் 'தூ' என்றால், அக்கணமே 'இகுவலாதா' ஆகிவிடுவாள். செய்த செயல் இருவர்க்கும் ஒன்றே. எவர் செய்தார் என்பதைக்கொண்டு ஒன்று இயல்பாகவும் மற்றொன்று வசையாகவும் ஆகின்றது. சமத்துவம் என்பதையே குற்றத்தின் பெயராக்கிய இச்சொல்லினும் வெளிப்படையான சாட்சி வேறு வேண்டுமோ?

அந்நாட்டிலேயே 'பெலாதோ' என்பதும் உண்டு. உரிக்கப்பட்டவன், கையில் ஒன்றுமில்லாதவன் என்பது பொருள். வறுமையின் பெயர் மரியாதையின்மையின் பெயராயிற்று. அவனது உரத்த பேச்சும் வீறாப்பும் உள்ளே உறையும் தாழ்வுணர்ச்சியை மூடும் போர்வை என்று சாமுவேல் ராமோஸ் என்னும் தத்துவாசிரியர் 1934-இல் எழுதினார். அதே உரிபட்ட மனிதனைக் கோமாளியாக்கி, சொல்வெள்ளத்தால் நீதிபதிகளையும் சீமான்களையும் திணறடிக்கச் செய்தவர் 'காந்தின்ப்லாஸ்' என்னும் பெயருடன் திரையில் விளங்கிய மாரியோ மொரேனோ (1911–1993). ஆசிரியரின் நூலைப் படித்தவரினும் நடிகரின் படத்தைப் பார்த்துச் சிரித்தவர் தொகை பெரிது.

ஸ்பெயினில் முரடனைக் குறிக்கும் 'காப்ரே' என்பது அரபு மொழியில் அவிசுவாசியைக் குறித்த சொல்லினின்று வந்து, தென்னாப்பிரிக்க மக்களுக்குப் பெயராகி, பின் வசையானது. தமிழில் 'காப்பிரி' என வழங்கியதும் அச்சொல்லே. தென்னாப்பிரிக்காவில் இச்சொல்லை ஒருவர்மேல் வீசியோரை நீதிமன்றங்கள் தண்டித்திருக்கின்றன. ஸ்பெயினிலோ விரைந்து வண்டி ஓட்டுவோனைக் கூட எண்ணாமல் அப்படி ஏசுகின்றனர்.

இறுதியாகச் சிலி தேசத்திற்குச் செல்வோம். அங்கே 'ரோத்தோ' என்றால் கிழிந்தவன். கந்தையுடுத்த ஏழைக்கு அது பெயர். அவமரியாதையான செயலுக்கு 'ரோத்தெரியா' என்று பெயர். பெலாதோவின் கதைதான் இதுவும் என்று கூறிக் கடந்துசெல்ல இயலாது. 1839 ஜனவரி 20-இல் பெரு, பொலிவியா இரண்டும் கூடிய கூட்டரசின் படையைச் சிலி நாட்டார் யுங்காய் என்னுமிடத்தில் வென்றனர். அப்படையில் நின்று போரிட்டவருள் பெருந்தொகையினர் சீமான்கள் அல்லர், கந்தையுடுத்த ரோத்தோக்களே. நாடு அவர்களுக்கு நன்றி கூற விரும்பியபோது வேறு பெயரைத் தேடவில்லை. 1888-இல் தலைநகராகிய சந்தியாகோவில், யுங்காய்ச் சதுக்கத்தில், வீர்ஹினியோ ஆரியாஸ் என்னும் சிற்பி செய்த சிலை ஒன்று நிறுவப்பட்டது. தளபதியின் சிலையன்று, பெயரற்ற ஒரு ரோத்தோவின் சிலை. ஆண்டுதோறும் ஜனவரி 20 'சிலிய ரோத்தோவின் நாள்' எனக் கொண்டாடப்படுகிறது. அந்நகரத்திலேயே, பிள்ளை வாய்நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசினால், "ரோத்தோ மாதிரி நடவாதே" என்று இன்றும் தாய்மார் அதட்டுகின்றனர்.